மேலே போகப் போகக் குறையும் குரல்கள்

2001இல் எரிக் ஷ்மிட் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியானபோது அவருக்கு வயது 46. ஏற்கெனவே நோவெல் நிறுவனத்தை நடத்தியவர். கூகுளின் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் ஜான் டோர், ஒரு கோச் வைத்துக்கொள்ளும்படி சொன்னபோது ஷ்மிட்டுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்தவனுக்கு எதற்குக் கோச், என்னிடம் ஏதாவது குறை கண்டார்களா என்றுதான் முதலில் தோன்றியதாம். பல ஆண்டுகள் கழித்து, வாழ்க்கையில் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை எது என்று ஃபார்ச்சூன் இதழ் கேட்டபோது அவர் சொன்னது டோரின் அந்த அறிவுரையைத்தான்.

அப்படி வந்த கோச், பில் கேம்ப்பெல். தொழில்நுட்பம் படித்தவர் அல்ல. 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அந்த ஆறு பருவங்களில் அணி வென்றது 12 ஆட்டம், தோற்றது 41. நாற்பதை நெருங்கும் வயதில் தொழிலை மாற்றி, விளம்பர நிறுவனம், கோடக், ஆப்பிள் என்று போய், இன்டுயிட் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். ஸ்டீவ் ஜாப்ஸ், லாரி பேஜ் தொடங்கி மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை வரை அவரிடம் யோசனை கேட்டவர்களின் வரிசை நீளமானது. 2016இல் அவர் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து ஷ்மிட்டும் கூகுள் சகாக்கள் இருவரும் சேர்ந்து அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள்.

அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு சம்பவம் முக்கியமானது. 2004இல் கூகுள் பங்குச் சந்தைக்குப் போகும் நேரத்தில், இயக்குநர் குழுவின் தலைவர் பதவியை விட்டுவிட்டுத் தலைமைச் செயல் அதிகாரியாக மட்டும் நீடிக்கும்படி ஷ்மிட்டைக் கேட்டார்கள். அவர் மனம் நொந்து, வேலையையே விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கேம்ப்பெல் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. குழு செய்தது தவறு என்று கொடி பிடிக்கவும் இல்லை. பதவியை இப்போது விட்டுக்கொடு, பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இந்த நேரத்தில் உன் ஆட்களுக்கு நீ வேண்டும் என்று பார்வையைத் திருப்பினார். ஷ்மிட் தங்கினார். பிறகு அந்தப் பதவியும் அவரிடமே திரும்பி வந்தது.

கோச்சிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மூடிய அறை, இரண்டு நாற்காலி, தன் மனசைத் தானே அலசிக்கொண்டிருக்கும் ஓர் அதிகாரி. கேம்ப்பெல் அந்த அறையோடு நிற்கவில்லை. ஷ்மிட் வாரந்தோறும் நடத்தும் கூட்டங்களில் தானும் உட்கார்ந்திருப்பார். யார் பேச வாயெடுத்து அடக்கிக்கொண்டார், யார் முகம் சுருங்கியது என்று கவனிப்பார். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் தனியாகப் பேசுவார். கோச்சிங் தலைவர்களின் தன்னறிவை எப்படி வளர்க்கிறது என்ற கேள்விக்கு, இத்துறையின் முப்பது ஆண்டு ஆய்வுகளைப் படித்த பிறகு எனக்குத் தோன்றும் விடையும் இதை ஒட்டியதுதான். தனிமையில் தன்னைத் தோண்டிப் பார்ப்பதால் அது பெரிதாக வளர்வதில்லை. மற்றவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கேட்கும் பழக்கம் வந்தால் வளர்கிறது. அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைப்பதும், பாதியில் கைவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் கோச்சின் வேலை.

இந்தத் தொழிலின் வேர் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. டிமதி கால்வே 1974இல் டென்னிஸ் ஆட்டக்காரரின் மனதுக்குள் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி எழுதினார். கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அந்த அணுகுமுறையை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்து, 1992இல் வெளியிட்ட நூலின் மூலம் உலகெங்கும் பரப்பினார். 1995இல் கோச்சுகளுக்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பும் உருவாயிற்று. ஆரம்பத்தில் கோச் வருகிறார் என்றால் அந்த அதிகாரிக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஷ்மிட்டுக்குச் சுருக்கென்றதற்கும் அதுவே காரணம். இன்று அது ஒரு சலுகையைப் போல ஆகிவிட்டது.

மேலே இருப்பவருக்கு இது ஏன் தேவைப்படுகிறது? ஆடம் கலின்ஸ்கியும் சகாக்களும் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரை, தாங்கள் இன்னொருவர் மீது அதிகாரம் செலுத்திய சம்பவத்தை நினைவுகூர்ந்து எழுதச் சொன்னார்கள். மற்றொரு பிரிவினர், இன்னொருவரின் அதிகாரத்துக்குத் தாங்கள் உட்பட்டிருந்த சம்பவத்தை எழுதினார்கள். பிறகு எல்லோரும் மார்க்கர் பேனாவால் தங்கள் நெற்றியில் ஆங்கில எழுத்து 'ஈ'யை வரைய வேண்டும். எதிரில் இருப்பவர் படிக்கும்படி வரையலாம். தன் பக்கத்திலிருந்து படித்தால் சரியாக இருக்கும்படி, அதாவது எதிரிலிருப்பவருக்குத் திரும்பித் தெரியும்படியும் வரையலாம். தன் பக்கத்துக்குச் சரியாக வரைந்தவர்கள், அதிகாரத்தில் இருந்ததை நினைத்தவர்களில் 33 சதவீதம். அதிகாரத்துக்கு உட்பட்டதை நினைத்தவர்களில் 12 சதவீதம். ஒரு மார்க்கர் பேனாவை வைத்து அதிகாரத்தின் இயல்பையே முடிவு செய்துவிட முடியாதுதான். ஆனாலும் ஐந்து நிமிஷ நினைவுக்கே இவ்வளவு என்றால், பதினைந்து வருஷமாக எம்.டி. நாற்காலியில் இருப்பவரின் நெற்றி எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

டாஷா யூரிக் என்ற அமைப்பு உளவியலாளரின் கணக்கு இன்னும் கறாரானது. ஏறத்தாழ 5,000 பேரைக் கொண்டு அவர் குழு நடத்திய ஆய்வுகளில், பெரும்பாலானவர்கள் தங்களைத் தாங்கள் நன்கு அறிந்திருப்பதாக நம்பினார்கள். உண்மையில் அவர் வகுத்த அளவுகோலுக்குள் வந்தவர்கள் 10 முதல் 15 சதவீதம். 3,600க்கும் மேற்பட்ட தலைவர்களிடம் நடந்த வேறோர் ஆய்வையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். அதில், கீழ்மட்ட மேலாளர்களைவிட மேல்மட்டத்தில் இருப்பவர்களே தங்கள் திறமையை மற்றவர்கள் மதிப்பிடுவதைவிட அதிகமாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். அனுபவம் கூடக்கூடத் தன்னறிவும் கூடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஓர் அடி. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பதவி ஏற ஏற, குறை சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் குறைகிறார்கள். தலைவரின் பழைய ஜோக்குக்கும் சிரிப்பு வருகிறது. அவர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் கூட்டம் தாமதமாகத் தொடங்கியதாகவே கணக்கு.

யூரிக் கண்ட இன்னொரு விஷயம் சுவையானது. தன்னறிவில் உண்மையிலேயே மேம்பட்டவர்கள் என்று அவர் தேர்ந்தெடுத்த 50 பேரின் நேர்காணல்களில் 'ஏன்' என்ற கேள்வி 150 தடவைக்கும் குறைவாகவே வந்திருந்தது. 'என்ன' என்ற கேள்வி ஆயிரம் தடவைக்கும் மேல். நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று கேட்டுக்கொள்கிறவருக்கு மனசு ஏதாவது ஒரு காரணத்தை உடனே தயார் செய்து கொடுத்துவிடும். அது உண்மையா என்று சோதிக்க உள்ளே வழி கிடையாது. நான் இப்போது என்ன செய்தேன், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கிறவர் வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என்னென்ன தெரியும் என்பதற்கு நான் படித்ததிலேயே நல்ல சாட்சி ஒரு நிர்வாகி எழுதியது அல்ல. ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் எழுதியது. அதுல் கவாண்டே 2011இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய கட்டுரையில், எட்டு வருஷ அனுபவத்துக்குப் பிறகு தன் திறமை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டதை உணர்ந்து, ஓய்வுபெற்ற தன் ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனை ஆபரேஷன் தியேட்டருக்கு வரவழைத்ததைச் சொல்கிறார். தைராய்டு சிகிச்சை, சிக்கல் எதுவும் இல்லாமல் முடிந்தது. தன்னிடம் சொல்ல அவருக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் கவாண்டே நினைத்திருந்தார். ஆஸ்டீனிடமோ ஒரு பட்டியலே இருந்தது. நோயாளி மீது துணி விரித்த விதம் கவாண்டேக்கு வசதியாக இருந்தது. எதிரில் நின்ற உதவியாளருக்குக் கை நீட்ட இடமில்லை. கவாண்டேயின் வலது முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு எழும்பியது. முழங்கை அந்தரத்தில் இருந்தால் கைக்கு நுணுக்கம் வராது. மேலே இருந்த விளக்கு காயத்தை விட்டு விலகியிருந்தது. ஏறத்தாழ அரை மணி நேரம் அவர் வேறு இடங்களில் பட்டுத் தெறித்த வெளிச்சத்திலேயே வேலை செய்திருக்கிறார். அறையில் வேறு பலரும் இருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

ஆஸ்டீன் சொன்ன எதுவும் கவாண்டேயின் குணத்தைப் பற்றியது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் சுயநலக்காரர், உதவியாளரை மதிப்பதில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். துணியைப் பற்றிச் சொன்னார், முழங்கையைப் பற்றிச் சொன்னார். அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டினிசியும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்த வேறுபாட்டின் எடையைக் காட்டுகிறது. 607 விளைவுக் கணக்குகளை அவர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சராசரியில் பின்னூட்டம் நன்மை செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான்' என்பதன் பக்கம் திரும்பத் திரும்பப் பலன் தேய்ந்துபோகிறது என்பது அவர்கள் விளக்கம். மன்னனுக்கு இடித்துரைப்பவர் வேண்டும் என்று வள்ளுவர் வலியுறுத்தியிருப்பதால், கோச் என்பவர் சம்பளத்துக்கு இடித்துரைப்பவர் என்று நினைக்கத் தோன்றும். நல்ல கோச் பெரும்பாலும் இடிப்பதில்லை. இடிபட்டவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே கவனமாகிவிடுவார்.

பெரிய நிறுவனங்களில் இன்று வழக்கமாகிவிட்ட 360 டிகிரி மதிப்பீடு தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். மேலதிகாரி, சக அதிகாரிகள், கீழே வேலை பார்ப்பவர்கள் எல்லோரிடமும் பெயர் குறிப்பிடாமல் மதிப்பெண் வாங்கி, ஒரு பி.டி.எஃப். கோப்பாக அதிகாரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெயர் வெளியே தெரியாது என்று ஹெச்.ஆர். எத்தனை முறை சொன்னாலும், கீழே இருப்பவர் ஐந்தே பேர் என்றால் எதை யார் எழுதினார் என்று மேலாளர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒருவர் எதற்கெடுத்தாலும் 'ப்ரைமரிலி' போடுகிறவர். இன்னொருவர் முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி வைக்கிறவர். இது தெரிந்த நம் ஊர் ஊழியர்கள் எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு நான்கு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்ரைசல் மாதம் நெருங்கினால் நாலரை.

அப்படிப்பட்ட அறிக்கை கைக்கு வந்த பிறகு கோச் ஒருவர் உடன் இருந்தால் என்ன நடக்கிறது? ஜேம்ஸ் ஸ்மிதரும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. உலகளாவிய நிறுவனம் ஒன்றில் 1,361 மூத்த மேலாளர்கள் இத்தகைய மதிப்பீட்டைப் பெற்றார்கள். அவர்களில் 404 பேர் கோச்சுடன் உட்கார்ந்து அதைப் படித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கோச்சுடன் படித்தவர்கள் 'நல்ல தலைவராவேன்' என்பது போலப் பொத்தாம்பொதுவாக அல்லாமல் குறிப்பான இலக்குகளை வைத்திருந்தார்கள். தங்கள் மேலதிகாரியிடம் போய் யோசனை கேட்டவர்களும் அவர்களில்தான் அதிகம். கீழே இருப்பவர்களும் மேலதிகாரிகளும் கொடுத்த மதிப்பெண் மற்றவர்களைவிட அவர்களுக்குக் கூடியது. எவ்வளவு? புள்ளியியல் அளவில் 0.17. சிறிய எண். கோச்சிங் நிறுவனங்களின் விளம்பரத் தாளில் இந்த எண்ணைப் பார்க்க முடியாது. எனக்கு இந்த ஆய்வின் மீது நம்பிக்கை வருவதே அந்தச் சிறிய எண்ணால்தான்: வளர்ந்த மனிதர்களின் நடத்தை ஓராண்டில் மாறக்கூடிய அளவு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

மார்ஷல் கோல்ட்ஸ்மித்தின் முறை இந்தச் சிறிய மாற்றத்தை முடிந்தவரை பெரிதாக்கப் பார்க்கும் முறை. அமெரிக்காவின் பெரிய நிறுவனத் தலைவர்கள் பலருக்குக் கோச்சாக இருந்தவர். முதலில் தலைவரைச் சுற்றி இருப்பவர்களிடம் அவரே நேரில் பேசுகிறார். அதிலிருந்து ஒரே ஒரு நடத்தை, மிஞ்சினால் இரண்டு, தேர்ந்தெடுக்கப்படுகிறது. மற்றவர் பேச்சை முடிக்க விடாத ஒரு மேலாளரை எடுத்துக்கொள்வோம். அவர் தன் சகாக்களிடம் தானே போய் இதைச் சொல்ல வேண்டும். நடந்ததைக் கிளறக் கூடாது. இனிமேலுக்கு இரண்டு யோசனை கேட்க வேண்டும். சென்னை அலுவலகம் ஒன்றில் அது இப்படி இருக்கலாம்:

"வர்ற மாசம் இதுல நான் கொஞ்சம் தேறணும். ரெண்டு யோசனை சொல்லுங்களேன்."

"சார், மீட்டிங்குக்கு முன்னாடி அனுப்பற மெயில்ல உங்க கருத்தை முதல்லயே எழுதிடாதீங்க. நீங்க எழுதிட்டா அப்புறம் யாரும் வேற பேச மாட்டாங்க."

இதற்கு அவர் சொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஒரே பதில், "தேங்க்ஸ்". 'ஆனா' என்று ஆரம்பிக்கக் கூடாது, விளக்கம் கொடுக்கக் கூடாது, யோசனை நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண்கூடப் போடக் கூடாது. அடுத்த மாதமும் அதே ஆட்களிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். பல தலைவர்களுக்கு இதில் மிகக் கஷ்டமானது அந்த 'ஆனா'வை விழுங்குவதுதான்.

கோல்ட்ஸ்மித்தும் ஹோவர்ட் மார்கனும் எட்டு நிறுவனங்களில் 11,000க்கும் மேற்பட்ட தலைவர்களைப் பற்றி 86,000 பேர் கொடுத்த மதிப்பீடுகளை 2004இல் தொகுத்தார்கள். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டவர்கள் முன்னேறியதாக உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். பயிற்சிக்கு வந்துவிட்டு யாரிடமும் கேட்காதவர்களிடம் தெரிந்த முன்னேற்றம் தற்செயலாக வரக்கூடிய அளவே. கோச் வெளியாளா, நிறுவனத்துக்குள் இருப்பவரா, நேரில் வந்தாரா, தொலைபேசியில் பேசினாரா என்பதெல்லாம் இரண்டாம்பட்சமாகவே இருந்தது. ஒரு முறையை விற்பவரே அதை ஆராய்ந்தார் என்ற சந்தேகத்தை இங்கே கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சூசன் ஆஷ்ஃபோர்டும் ஆன் சூயியும் 1991இல், எந்தக் கோச்சிங்கும் விற்காமல், இதே திசையில் ஒன்றைக் கண்டிருந்தார்கள். தன்னைப் பற்றிய குறைகளைத் தேடிக் கேட்கும் மேலாளர்கள், மற்றவர்கள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சரியாக அறிந்திருந்தார்கள். திறமையானவர்கள் என்றும் கருதப்பட்டார்கள். பாராட்டைத் தேடிப் போனவர்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

தன்னறிவு முதலில் வரும், நடத்தை அதைப் பின்தொடரும் என்ற வழக்கமான வரிசை இங்கே தலைகீழாகிறது. அந்த மேலாளருக்குத் தான் குறுக்கே பேசுபவர் என்பது அறிக்கையைப் படித்தபோது ஒரு தகவலாக மட்டும் தெரிந்தது. மூன்று கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டு உட்கார முயன்ற பிறகுதான், எந்த ஆளிடம் தன் பொறுமை கெடுகிறது, எந்தத் தலைப்பில் கை தானாக எழும்புகிறது என்று அவருக்குப் புரிய ஆரம்பிக்கும்.

கோல்ட்ஸ்மித் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு: தன் வாடிக்கையாளர்களில் தான் மிகக் குறைந்த நேரம் செலவிட்ட ஆலன் முலாலிதான் மிக அதிகம் முன்னேறினாராம். முலாலி 2006இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அந்த ஆண்டு நிறுவனத்தின் நட்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். ஆனால் வாராந்தர ஆய்வுக் கூட்டத்தில் எல்லா அதிகாரிகளின் தாளிலும் பச்சை நிறம். எல்லாம் சரியாகப் போகிறதாம். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் மட்டும் எட்ஜ் காரின் பின்கதவில் இருந்த கோளாறைச் சொல்லிச் சிவப்பு காட்டினார். அறையில் இருந்தவர்கள் அவர் வேலை போயிற்று என்றே நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் தாள்களில் மற்ற நிறங்களும் எட்டிப் பார்க்கத் தொடங்கின. கெட்ட செய்தி கொண்டுவருகிறவருக்கு அந்த நிமிஷத்தில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த செய்தி வருவதும் வராததும். கேம்ப்பெல்லைப் போல எல்லாக் கோச்சும் அந்த நிமிஷத்தில் தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

என் வாதத்துக்கு எதிராகப் போகும் ஓர் ஆய்வும் இருக்கிறது. ரெபெக்கா ஜோன்ஸும் சகாக்களும் 2016இல் 17 ஆய்வுகளைத் தொகுத்தபோது கோச்சிங் பலன் தருகிறது என்றே வந்தது. ஆனால் 360 டிகிரி மதிப்பீடு சேர்க்கப்படாத இடங்களில் பலன் அதிகமாக இருந்தது. மற்றவர்களின் குரல்தான் மருந்து என்றால் அது இல்லாத இடத்தில் எப்படிப் பலன் கூடும்? கேட்பதும் அறிக்கை வாங்குவதும் வேறு வேறு என்பது என் ஊகம். அறிக்கை வந்த இடத்தில் கோச்சிங் நேரத்தில் பாதி, யார் இதை எழுதினார், எனக்கு இவ்வளவு குறைவாகப் போட என்ன காரணம் என்ற வழக்கிலேயே போய்விடும். க்ளூகரும் டினிசியும் எச்சரித்த இடத்துக்கே அது திரும்பிச் செல்கிறது.

இத்துறையில் பொய்யான எண்களுக்கும் பஞ்சமில்லை என்பது என் கட்சி. 2001இல் 100 அதிகாரிகளிடம் நடத்திய ஓர் ஆய்வின்படி, கோச்சிங்குக்குப் போட்ட முதலைப் போல 5.7 மடங்கு திரும்பக் கிடைத்ததாம். அந்தப் பலனைப் பணமாக மதிப்பிட்டுச் சொன்னவர்கள் கோச்சிங் பெற்ற அதே அதிகாரிகள். கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லாத தொழிலில் இது ஆச்சரியமில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 2009இல் 140 கோச்சுகளைக் கேட்டபோது, சொந்த வாழ்க்கைப் பிரச்சினைக்காகத் தங்களை அமர்த்தியதாகச் சொன்னவர்கள் 3 சதவீதம். அத்தகைய பிரச்சினையில் கைவைக்க நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 76 சதவீதம். உளவியலாளர் ஸ்டீவன் பெர்க்ளாஸ் 2002இலேயே இதே இதழில் எச்சரித்திருந்தார்: ஆழமான மனச் சிக்கலை நடத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மேலோட்டமாகச் சரிசெய்யப் போனால் நிலைமை முற்றிவிடும். பணம் கொடுப்பது நிறுவனம், மனம் திறப்பது அதிகாரி என்ற முக்கோண ஏற்பாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அறையில் பேசியது எவ்வளவு தூரம் மேலே போகும் என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ளாத கோச்சிடம் எந்த அதிகாரியும் உண்மை பேசப் போவதில்லை.

பலனை யார் அளப்பது என்பதும் தீராத கேள்வியாக இருக்கிறது. கோல்ட்ஸ்மித்தின் ஏற்பாட்டில் தலைவர் மாறினார் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னால்தான் அவருக்குக் கட்டணம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் வந்து யோசனை கேட்கும் மேலாளர் மீது பிரியம் வருவது இயல்பு. அவர் அதிகம் மாறாவிட்டாலும் மாறியதாகத் தோன்றக்கூடும். பெரும்பாலான ஆய்வுகளில் நிலைமை இதைவிட மோசம். கோச்சிங் பெற்றவரே தன் முன்னேற்றத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். தன்னைப் பற்றி மிகையாக எண்ணுகிறவர் என்பதற்காகக் கோச்சிங்குக்கு அனுப்பப்பட்டவரிடமே, இப்போது உங்களை எவ்வளவு அறிந்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் உள்ள வேடிக்கையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

ஜார்ஜ் ஹோவர்டும் சகாக்களும் 1979இல் பயிற்சி வகுப்புகளை ஆராய்ந்தபோது இதைவிடச் சிக்கலான ஒன்றைக் கண்டார்கள்: பயிற்சியின்போது அளவுகோலே நகர்ந்துவிடுகிறது. கோச்சிங்குக்கு முன், மற்றவர் சொல்வதைக் கேட்பதில் தனக்குப் பத்துக்கு எட்டு போட்டுக்கொள்கிறார் ஒரு மேலாளர். ஆறு மாதம் வாயைக் கட்டிப் பழகி, எத்தனை இடத்தில் தவறுகிறோம் என்று கண்ணால் பார்த்த பிறகு ஆறுதான் போடுகிறார். உண்மையில் அவர் முன்பைவிட நன்றாகக் கேட்கிறார், தன்னை நன்றாகவும் தெரிந்துகொண்டிருக்கிறார். பணம் கொடுத்த நிறுவனத்தின் எக்செல் தாளில் எட்டு என்பது ஆறாகி, கோச்சிங் தோற்றதாகப் பதிவாகும்.